மேசையின் உயரமும் கையின் உயரமும்: ஒரு கருவாட்டுக் கொட்டகையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, நிலாவெளியைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகும் கரையில் ஒரு மாதர் சங்கம் கருவாடு போடுகிறது. சங்கத்தின் பெயரோ, நிதி தந்தவர்களின் பெயரோ இங்கே தேவையில்லை. 24 பெண்கள் வேலை செய்யும் அந்தக் கொட்டகையில் என்ன நடந்தது, எதை மாற்றினோம், மாற்றியதில் எது நின்றது என்பதை இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நான் கட்டட வடிவமைப்பு வேலை செய்கிறவள்.

முன்பு இவர்கள் வாடிக்குப் பக்கத்தில் மணலில் குந்தியிருந்து மீன் வெட்டினார்கள். வெட்டிய மீனில் மண் ஒட்டும். மண் கடிபடும் கருவாட்டுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். அதற்காகத்தான் சீமெந்துத் தரையும் தண்ணீர்க் குழாயும் துருப்பிடிக்காத எஃகு மேசைகளும் கொண்ட கொட்டகை ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். நோக்கம் நல்லது, கட்டட வேலையும் நல்லது. மேசைகளுக்கும் கழுவு தொட்டிகளுக்குமான வரைபடம் மட்டும் வேறோர் இடத்து உணவகக் குசினிக்காக வரைந்தது. மேசை உயரம் 90 செ.மீ, தொட்டி விளிம்பு 90 செ.மீ, தொட்டியின் ஆழம் 30 செ.மீ. மேல்நாட்டுக் குசினிகளின் வழக்கமான மேடை உயரம் 36 அங்குலம், ஏறக்குறைய 91 செ.மீ. அந்த எண் வரைபடம் வரைபடமாகக் கைமாறி இந்தக் கரைக்கும் வந்துவிட்டது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில், கடல் படிந்து மீன் கூடுதலாக வரும் காலத்தில், கொட்டகை வேலை தொடங்கியது. கொஞ்ச நாளில் பாதி மேசைகளில் கூடைகளும் உப்பு மூட்டைகளும் ஏறிவிட்டன. பெண்கள் திரும்பவும் தரையில் இருந்து வெட்டினார்கள். பழக்கம் மாறவில்லை, பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்று நிதி தந்தவர்கள் நினைத்தார்கள். நின்று வேலை செய்வதன் நன்மைகளை விளக்கும் சுவரொட்டிகள் வரைந்து தரச் சொல்லித்தான் என்னிடம் வந்தார்கள். வரைவதற்கு முன் கொட்டகையைப் பார்க்கவும் ஆட்களை அளக்கவும் அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள்.

கொட்டகையில் கண்டவை

பெண்கள் மேசையை ஒரேயடியாக வெறுக்கவில்லை என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. சிலர் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று வெட்டினார்கள். மீன் கழிவும் தண்ணீரும் ஓடும் தரையில் பிளாஸ்டிக் பெட்டிமேல் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாததல்ல. அப்படி நின்றவர்களில் ஒருத்தி ஏற்கெனவே ஒருமுறை வழுக்கி விழுந்திருந்தாள். ஏறி நிற்காதவர்கள் தோளை உயர்த்தி, முழங்கையைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு வெட்டினார்கள். கொஞ்ச நேரம் போனதும் கத்தியை வைத்துவிட்டுக் கையை உதறுவார்கள்.

“மேசை வடிவுதான் பிள்ளை, ஆனா பொழுதுபட்டா தோளைத் தூக்க ஏலாது” என்று வயதான ஒரு அம்மா சொன்னார். அந்தப் பேச்சை அப்படியே குறித்துக்கொண்டேன். நோவு தோளில் என்றார், இடுப்பில் என்று சொல்லவில்லை.

கழுவு தொட்டியில் நின்றவர்களைக் கேட்டால் கதை மாறியது. அவர்களுக்கு நாரியில், அதாவது கீழ்முதுகில், நோவு. மேசைக்கும் தொட்டிக்கும் உயரம் ஒன்றுதான். ஒன்றில் தோள் நோகிறது, மற்றதில் நாரி நோகிறது. நோவைப் பழக்கத்தின் தலையில் போட்டிருந்தால் இந்த வித்தியாசத்துக்கு விளக்கமே கிடைத்திருக்காது.

காய வைக்கும் தட்டிகளில் இன்னொரு விஷயம். மூன்று தட்டு உயரம், 120 செ.மீ அகலம், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. சுவர்ப் பக்கத்து மீன்களைத் திருப்பிப் போட யாருக்கும் கை எட்டவில்லை. திருப்பாத மீன் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் பிசுபிசுத்து ஈ மொய்த்துக் கிடந்தது. கழித்துப் போட்ட கருவாட்டில் கூடுதலானது அந்த ஓரத்திலிருந்தே வந்தது என்று சங்கச் செயலாளர் கணக்குக் கொப்பியைக் காட்டினார்.

அளவெடுத்த விதம்

உடம்பை அளப்பது என்றால் கூச்சம் வரும். ஊரில் இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் கலந்திருக்கின்றன. அளவெடுத்தது நானும் சங்கத்தின் இரண்டு இளம்பெண்களும் மட்டும். ஆண்கள் வராத நேரத்தில், கதவு சாத்திய களஞ்சிய அறையில் அளந்தோம். பெயர் எழுதவில்லை, இலக்கம் மட்டும். நிறையை அளக்கவே இல்லை. இந்த வேலைக்கு அது வேண்டாம், கேட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருக்கவும் மாட்டார்கள். வர விரும்பாதவர்களை விட்டுவிடலாம் என்றுதான் தொடங்கினோம், கடைசியில் எல்லாரும் வந்தார்கள்.

வேலைக்குப் போடும் அதே ரப்பர்ச் செருப்போடும் உடுப்போடும் அளந்தோம். பாடநூல்கள் வெறுங்காலோடு, மெல்லிய உடையோடு அளக்கச் சொல்லும். பல நாடுகளின் அளவுகளை ஒப்பிட அது சரி. இங்கே தேவைப்பட்டது இந்தத் தரையில் இந்தச் செருப்போடு நிற்கும் உடம்பின் அளவு.

எடுத்தவை ஆறு: நின்ற உயரம், முழங்கையை மடித்து நின்றபோது முழங்கை உயரம், தோள் உயரம், மேசை விளிம்பிலிருந்து கை முன்னே எட்டும் தூரம், இருந்தபோது தரையிலிருந்து தொடையின் அடிப்பக்கம் வரை, உள்ளங்கைச் சுற்றளவு. கூடவே ஒரு பெண்ணுருவத்தை முன்னும் பின்னுமாகக் கோட்டில் வரைந்து சுவரில் ஒட்டி, நோகும் இடத்தில் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டச் சொன்னோம். எழுத வாசிக்கச் சிரமப்படுகிறவர்களும் தயங்காமல் ஒட்டினார்கள். தோள்பட்டையிலும் கீழ்முதுகிலும் பொட்டுகள் குவிந்தன.

இந்த ஊருக்கு உடம்பால் அளப்பது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கடலின் ஆழத்தை இரு கையும் விரித்த பாகக் கணக்கில் சொல்கிறார்கள், வலைக்கண்ணை விரலால் பார்க்கிறார்கள். அளவு நாடாவோடு நான் போய் நின்றபோது அதை விளக்க எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

அளவுகள் காட்டியவை

மிகக் குட்டையானவரின் முழங்கை உயரம் 90 செ.மீ, மிக உயரமானவருடையது 105. வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது 97. பொதுவாக முழங்கை உயரம் ஆளின் உயரத்தில் 0.63 பங்கு அளவில் இருக்கும், இங்கேயும் அதை ஒட்டியே வந்தது.

இனி மேசைக்கு வருவோம். நின்றபடி ஓரளவு பலம் கொடுத்துச் செய்யும் கைவேலைக்குக் கை முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ கீழே இருக்க வேண்டும் என்பது பணியிட வடிவமைப்பில் நெடுங்காலமாக உள்ள வழிகாட்டல். நுட்பமான வேலைக்கு முழங்கைக்கு மேலே 5 முதல் 10 செ.மீ, பாரமான வேலைக்கு இன்னும் கீழே. நடு ஆளுக்கு முழங்கை 97 என்றால் கை 82 முதல் 87 வரை. மேசை 90. வித்தியாசம் பெரிதில்லையே என்று தோன்றும். கடதாசியில் பார்த்த நிதித் தரப்பினரும் அதையே சொன்னார்கள்.

ஆனால் யாரும் மேசைமேல் வெட்டுவதில்லை. மேசைமேல் 5 செ.மீ தடித்த பலகை, பலகைமேல் மீன். சூரையோ பாரையோ கிடத்தினால் இன்னொரு 10 செ.மீ போகும். கத்தி பிடித்த கை தொடங்கும் இடம் 105 செ.மீ. கொட்டகையிலேயே உயரமான பெண்ணுக்கு அது சரியாக முழங்கை மட்டம். மற்ற 23 பேரும் முழங்கைக்கு மேலே கையைத் தூக்கிப் பலம் கொடுத்திருக்கிறார்கள். தோளில் பொட்டு குவிந்த காரணம் இதுதான்.

தொட்டியில் இதற்கு நேர்மாறு. விளிம்பு 90 என்றாலும் மீன் கிடப்பது அடியில், 60 செ.மீ உயரத்தில். கழுவும் கை ஏறக்குறைய 65இல் இருக்கும். நடு ஆளுக்கு முழங்கையிலிருந்து 32 செ.மீ கீழே. விளிம்பு வயிற்றில் தடுப்பதால் கிட்டே போகவும் முடியாது, குனிந்தே ஆக வேண்டும்.

எனக்கு இந்த வேலையில் முக்கியமானது இதுதான். வரைபடத்தில் எழுதியிருந்தது தளபாடத்தின் உயரம். உடம்புக்குத் தெரிவது கை வேலை செய்யும் உயரம். ஒரே 90 செ.மீ ஓரிடத்தில் கையை 105க்குத் தூக்கியது, அடுத்த இடத்தில் 65க்கு இறக்கியது. மேல்விளிம்பை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே படும்.

சராசரிக்கு ஒரு மேசை என்ற யோசனை

அளவுகளைக் காட்டியதும் நிதித் தரப்பு சராசரியை எடுத்து எல்லா மேசைக்கும் காலை ஒரே அளவில் வெட்டிவிடலாம் என்றது. செலவு குறைவு, வேலையும் சுலபம். நான் அதற்கு இணங்கவில்லை. ஏன் என்று விளக்க ஒரு பழைய ஆய்வை எடுத்துச் சொன்னேன்.

அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் அளவுகளை வைத்து, 10 அளவுகளிலும் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒவ்வோர் அளவிலும் நடுவிலுள்ள 30 விழுக்காட்டினரைச் சராசரி என்றே ஏற்றுக்கொண்டார், தாராளமான கணக்கு. பத்திலும் பொருந்தியவர் ஒருவர்கூட இல்லை. 1952இல் வெளிவந்த அந்த அறிக்கை, சராசரி ஆளுக்கு என்று செய்த விமானி அறை யாருக்குமே முழுதாகப் பொருந்தாது என்பதைக் காட்டியது. ஆளுக்கேற்ப மாற்றக்கூடிய இருக்கைகளின் பக்கம் வடிவமைப்பு திரும்ப அதுவும் ஒரு காரணம். கட்டடக்கலையிலும் இதே சிக்கல் உண்டு. லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் மனித உடம்பை அடிப்படையாக வைத்த தன் மொடுலோர் அளவுமுறையை முதலில் 175 செ.மீ ஆளை வைத்துத் தொடங்கி, பிறகு 183 செ.மீ ஆளுக்கு மாற்றினார். நம் கொட்டகையில் மிக உயரமான பெண் 164 செ.மீ.

சராசரியைத் தள்ளினால் எதைப் பிடிப்பது? வழக்கமான விதி இரண்டு. கை எட்ட வேண்டிய இடமென்றால் குட்டையானவரைப் பார், உடம்பு நுழைய வேண்டிய இடமென்றால் பெரியவரைப் பார். பெரிய மக்கள் தொகைக்குச் செய்யும்போது 5ஆம் சதமணை, 95ஆம் சதமணை என்று எடுப்பார்கள், அதாவது ஓரத்திலுள்ள ஐந்து ஐந்து விழுக்காட்டினரை விட்டுவிடுவார்கள். 24 பேர் உள்ள இடத்தில் யாரை விடுவது? எல்லாரையும் முகம் பார்த்துத் தெரியும். அதனால் மிகக் குட்டையானவரையும் மிக உயரமானவரையும் உள்ளே வைத்தே கணக்குப் போட்டேன். வேலை உயரத்துக்கு அந்த இரண்டு விதியும் போதாது. அது கூடினாலும் நோகும், குறைந்தாலும் நோகும்.

எடுத்த முடிவுகள்

முதலில் திருகிக் கூட்டிக் குறைக்கும் கால்களை யோசித்தேன். மேசைகளைத் திருத்த வந்த ஓடாவியார் பார்த்த உடனேயே வேண்டாம் என்றார். “உப்புத் தண்ணிக்குள்ள நிக்கிற திருகாணி அடுத்த வருசம் அசையாது. பிறகு எந்த உயரத்தில இறுகினதோ அதுதான் உயரம்.” அவர் சொன்னது சரி. குட்டையானவர்களுக்கு நிற்க மேடை போடலாம் என்ற யோசனையையும் விட்டோம். ஈரத் தரையில் இன்னொரு படி, இன்னொரு விழுகை.

எனவே நிலையான மூன்று உயரங்கள்: 64, 69, 74 செ.மீ. மிகக் குட்டையானவருக்கு 90இல், கை முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டிய 10–15இன் நடுவாக 13ஐயும், பலகைக்கும் மீனுக்கும் 15ஐயும் கழித்தால் 62 வருகிறது. உயரமானவருக்கு அதே கணக்கில் 77. மூன்று உயரங்களால் யாரும் தன் அளவிலிருந்து 3 செ.மீக்கு மேல் விலக மாட்டார். மேசைக் கால்களை வெட்டி நீலம், பச்சை, மஞ்சள் பூசினோம்.

யாருக்கு எந்த மேசை என்று தெரிய வாசல் தூணில் மூன்று நிறப் பட்டைகள் தீட்டினோம். தூணோடு ஒட்டி நின்று முழங்கையை மடித்தால் எந்தப் பட்டையில் படுகிறதோ அந்த நிற மேசை. புதிதாக வேலைக்கு வருகிறவருக்கும் நாடா வேண்டாம், எண் வேண்டாம், என்னைக் கேட்கவும் வேண்டாம்.

பழைய தொட்டிகளைக் கழற்றிவிட்டு 15 செ.மீ ஆழமுள்ளவற்றைப் போட்டோம், ஒன்றின் விளிம்பு 85, மற்றதன் விளிம்பு 91. ஆழம் குறைந்தால் தண்ணீர் தெறிக்கும் என்று பயந்தார்கள். குழாய் வாயைத் தாழ்த்தியதும் அது நின்றது.

நெத்தலி தலை கிள்ளுவது, தரம் பிரிப்பது போன்ற வேலைகளுக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு நீள வாங்கும் தாழ்ந்த மேசையும் செய்தோம். வாங்கின் உயரம் 37 செ.மீ. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தால் பலருக்குக் கால் தரையில் முழுதாகப் படவில்லை, தொடையின் அடியில் விளிம்பு அழுத்திக் கால் விறைத்தது. முழங்கால் நோவால் தரையில் இருக்க முடியாத மூத்த பெண்கள் மூவர் இந்த வாங்கால் முழு நாளும் வேலை செய்ய முடிந்தது. தரையில் இருந்து வெட்டப் பழகியவர்களை நான் தடுக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கென ஓடு பதித்த ஒரு மூலையைத் தாழ்ந்த பலகைகளோடு ஒதுக்கினோம், மண் படாது.

தட்டிகளில்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. அவற்றைச் சுவரிலிருந்து 90 செ.மீ நகர்த்தினால் இரண்டு பக்கமும் 60 செ.மீ எட்டினால் போதும். குட்டையானவரின் கை 58 எட்டும், கொஞ்சம் சாய்ந்தால் நடுவைத் தொடலாம். அதில் யாருக்கும் மறுப்பில்லை. 150 செ.மீ உயரத்திலிருந்த மேல்தட்டை எடுத்துவிட வேண்டும் என்றபோதுதான் சங்கம் முகம் சுளித்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் போகிறதே என்றார்கள், நியாயமான கவலை. அந்த உயரம் அங்கே எல்லாருடைய தோளுக்கும் மேலே. நிறைந்த தட்டைத் தோளுக்கு மேல் தூக்குவதை அவர்கள் நோவாகக்கூடச் சொல்லவில்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது. அவர்களை இணங்க வைத்தது என் பேச்சல்ல, வெயில். மேல்தட்டின் நிழலில் அடித்தட்டு மீன் காயப் பிந்துவதைச் செயலாளரே கவனித்திருந்தார். இரண்டு தட்டாக, 70இலும் 110இலும் வைத்து, குறைந்த இடத்தை நீளத்தில் கூட்டினோம். கொட்டகைக்குப் பின்னால் காணி இருந்ததால் அது முடிந்தது. காணி இல்லாத இடத்தில் இந்த முடிவு இவ்வளவு சுலபமாக வராது.

தட்டிகளுக்கு இடையிலான பாதை 60 செ.மீ ஆக இருந்ததை 110 ஆக்கினோம். ஒருத்தி கூடையோடு வர மற்றவள் திரும்பி நிற்க அவ்வளவு வேண்டும்.

ஒரு பருவம் கழித்து

வாடைக்காற்று தொடங்கிக் கடல் குழம்பும்வரை கொட்டகை ஓடியது. வெட்டு மேசைகள் எல்லாம் பாவனையில் இருந்தன, மேல் ஏறிய கூடைகள் இறங்கிவிட்டன. பெட்டிமேல் நிற்பது நின்றது. ஒட்டுப்பொட்டுப் படத்தை மீண்டும் வைத்தபோது தோள்பட்டையில் முன்பு இருந்ததில் பாதிகூட ஒட்டவில்லை. கீழ்முதுகில் குறைந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. இதில் எல்லாவற்றையும் மேசைக் கணக்கில் எழுத மாட்டேன். அந்தப் பருவத்தில் பெரிய மீன் முன்னைய வருடத்தைவிடக் குறைவாக வந்தது, அதனால் வெட்டும் பாரமும் குறைந்தது. கீழ்முதுகு நோவு மிஞ்சியதற்கு, கரையிலிருந்து மீன் கூடையைத் தரையிலிருந்து தூக்குவதும் காரணம். அதை நாங்கள் தொடவே இல்லை.

எதிர்பாராத ஒன்று நடந்தது. நிறங்களை வரிசையாக அடுக்கியிருந்தோம், நீலம் ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை. தாயும் மகளும், மச்சாளும் மச்சாளும் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டு வேலை செய்த இடம் அது. உயரத்தால் அவர்களைப் பிரித்துவிட்டதாக ஆனது. சில நாளிலேயே ஒரு தாய் தன் மகளின் மஞ்சள் மேசைக்கு வந்து மறுபடி தோளைத் தூக்கி வெட்டத் தொடங்கினார். மேசைகளை மூன்று நிறமும் கலந்த சிறு கூட்டங்களாக மாற்றிப் போட்டதும் அவரவர் தன் நிறத்துக்குத் திரும்பினார்கள். எந்த வழிகாட்டி நூலின் அட்டவணையிலும் இந்த அளவு இருக்காது, ஆனால் மேசையைப் பாவிப்பதா விடுவதா என்பதை இதுவும் தீர்மானிக்கிறது.

இடக்கைக்காரர் இருவர் இருந்தனர். கழிவு தள்ளும் துளை எல்லா மேசையிலும் வலப்பக்கம். இரண்டு மேசைகளைத் திருப்பிப் போட்டதோடு அது முடிந்தது.

இனி மாற்ற வேண்டியவை

அடுத்த கொட்டகைக்கான வரைபடத்தில் மேசை உயரம் என்ற ஒற்றை எண்ணை எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். கை உயரம், பலகைத் தடிப்பு, மீன் தடிப்பு மூன்றும் தனித்தனியாக இருக்கும். பின்னால் வருகிறவர் பலகையை மாற்றினாலோ வேறு மீன் வந்தாலோ கணக்கைத் திரும்பப் போட அது உதவும். இங்கே நான் 10 செ.மீ தடிப்புள்ள மீனை வைத்துத்தான் கணக்கிட்டேன். திருக்கை போன்ற தட்டை மீன் கூடுதலாக வரும் இடத்தில் மேசை இதைவிட உயர வேண்டும்.

மீன் கூடை இறக்கும் மேடை ஒன்று அவசியம். பாரம் தூக்கும் வேலைக்கு அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் (NIOSH) தந்த கணக்கில், உடம்போடு ஒட்டி 75 செ.மீ உயரத்தில் தூக்குவதே மிக நல்ல நிலை. அங்கேகூட 23 கிலோதான் எல்லை. தரையிலிருந்து தூக்கினால் அந்த எல்லை குறையும். ஈரக் கூடை ஒன்றின் நிறையை இந்தப் பருவத்தில் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். மேடை வைத்தால் மட்டும் போதுமா, கூடையையே சிறிதாக்க வேண்டுமா என்பது அதைப் பார்த்த பிறகே தெரியும்.

கையுறை இன்னும் தீராத விஷயம். முதலில் வாங்கிக் கொடுத்தவை 9ஆம், 10ஆம் இலக்கம். கையுறை இலக்கம் ஏறக்குறைய உள்ளங்கைச் சுற்றளவின் அங்குலம், 7 என்றால் 178 மி.மீ. எங்கள் அளவுகளில் பெரும்பாலான கைகள் 6க்கும் 7க்கும் இடையில் வந்தன. பெரிய உறையின் விரல்நுனி கத்திக்குள் மடிந்து போவதால், வெறுங்கைதான் பாதுகாப்பு என்று பெண்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். நகரத்துக் கடைகளில் நாங்கள் கேட்டவரை சிறிய அளவு கிடைக்கவில்லை. 24 சோடி மட்டும் தருவிக்க வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். பக்கத்துச் சங்கங்கள் இரண்டோடு சேர்ந்து 6ஆம், 7ஆம் இலக்கங்களை மொத்தமாகத் தருவிக்கச் செயலாளர் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தச் சங்கத்துப் பெண்களின் கைகளையும் அளந்த பிறகுதான் எண்ணிக்கையை எழுதுவோம்.